சுமக்க மறுத்த ஐம்பது பேர்



1944 ஜூலை 17, திங்கட்கிழமை, இரவு 10 மணி 18 நிமிடம். அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடகிழக்கே போர்ட் சிகாகோ என்ற சின்ன ஊர். அதன் கடற்படைத் துறையில் வெடிமருந்து ஏற்றிக்கொண்டிருந்த கப்பல் வெடித்தது. துறையிலும் அங்கே கட்டியிருந்த இரண்டு கப்பல்களிலும் இருந்த 320 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களில் 202 பேர் கறுப்பின இளைஞர்கள். பலருக்கு இருபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

இந்த ஜூலை இதழின் ஆசிரியர் பக்கத்தை அவர்களுக்காக ஒதுக்கியிருக்கிறேன். வெடித்த கதையை மட்டும் சொல்வதற்காக அல்ல. மூன்று வாரம் கழித்து, உயிர் தப்பியவர்களை அதே வேலைக்கு மறுபடி போகச் சொன்னபோது 258 பேர் நடுச்சாலையில் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்கள் நின்றது சரிதான் என்று ஒப்புக்கொள்ள அவர்கள் நாட்டுக்கு 80 ஆண்டு பிடித்தது. அந்தக் கதையை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக மனதில் இருந்தது.

பெயரைப் பார்த்துவிட்டு இது சிகாகோ நகரத்துக்கு அருகில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். இது கலிஃபோர்னியா. சேக்ரமென்டோ, சான் வாக்கின் என்ற இரண்டு ஆறுகளும் கலந்து கடலை நோக்கிப் போகும் வழியில் சூசூன் விரிகுடா என்று ஒரு நீர்ப்பரப்பு இருக்கிறது. அதன் தென்கரையில் இருந்தது இந்த ஊர். முதலில் பே பாயிண்ட் என்று பெயர். 1931-இல் போர்ட் சிகாகோ ஆனது. 1944-இல் ஏறக்குறைய 1,500 பேர் குடியிருந்தார்கள். கடைத்தெரு, ஒரு சினிமாக் கொட்டகை, ரயில் பாதை. ஜப்பானோடு போர் தொடங்கியதும் கடற்படைக்கு இந்த இடம் கண்ணில் பட்டது. கப்பல் வந்து நிற்க ஆழம் உண்டு, ரயிலில் சரக்கு வந்து இறங்க வழி உண்டு, பெரிய நகரங்களிலிருந்து தள்ளியும் இருக்கிறது. 1942 டிசம்பரில் முதல் கப்பலுக்கு வெடிமருந்து ஏற்றினார்கள். அன்று முதல் பசிபிக் போர்முனைக்குப் போன குண்டுகளில் பெரும் பகுதி இந்த ஊர் வழியாகத்தான் போயிற்று.

ஏற்றியவர்கள் யார் என்பதில்தான் கதை இருக்கிறது. 1942 வரை அமெரிக்கக் கடற்படையில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் சமையலறையிலும் அதிகாரிகளுக்குப் பரிமாறும் மேசையிலும்தான். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் பொதுச் சேவையில் சேரலாம் என்று கதவு திறந்தது. தெற்கு மாநிலங்களின் பருத்திக்காட்டு ஊர்களிலிருந்தும் வடக்கு நகரங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். சிகாகோவுக்கு வடக்கே கிரேட் லேக்ஸ் பயிற்சி நிலையத்தில் அவர்களுக்குக் கடற்படைப் பயிற்சி கொடுத்தார்கள். கப்பலில் போவோம், பீரங்கி பிடிப்போம் என்று நம்பி வந்தவர்களைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் போர்ட் சிகாகோவின் சரக்குத் துறை. அங்கே ரயில் பெட்டியிலிருந்து குண்டை இறக்கிக் கப்பலின் அடியறையில் அடுக்குபவர்கள் அத்தனை பேரும் கறுப்பர்கள். மேற்பார்வை பார்க்கும் அதிகாரிகள் அத்தனை பேரும் வெள்ளையர்கள். ஒரே ஒரு விதிவிலக்குக்கூட இல்லை.

வெடிமருந்தைக் கையாள்வதற்கென்று அவர்களுக்கு முறையான பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. மேற்பார்வை பார்த்த அதிகாரிகளிலும் பலர் வேலைக்கு வந்த பிறகுதான் வேலையைக் கற்றார்கள். குண்டுகளில் வெடிக்கவைக்கும் கருவியைப் பொருத்தவில்லை, ஆகவே அவை வெடிக்கவே வெடிக்காது என்று ஏற்றுகிறவர்களிடம் சொல்லிவைத்திருந்தார்கள். நம்பினார்கள், பாவம். நம்பாமல் அந்த வேலையை ஒருநாள்கூடச் செய்ய முடியாது.

அதற்கு மேல் வேகம். கப்பலின் சரக்கறை வாய் (ஹேட்ச்) ஒன்றுக்கு மணிக்குப் பத்து டன் என்று இலக்கு வைத்தார்கள். ஒவ்வொரு பிரிவும் எத்தனை டன் ஏற்றியது என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். எந்தப் பிரிவு முந்தும் என்று இளம் அதிகாரிகள் தங்களுக்குள் பந்தயம் கட்டினார்கள். மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் அந்த நேரத்துக்கு மட்டும் வேகத்தைக் குறைக்கச் சொல்வார்கள். அவர் போனதும் பழையபடி ஓட்டம். ஆயிரம் பவுண்டு குண்டு, கடலுக்கடியில் வெடிக்கும் குண்டு, தீக்குண்டு என்று வகைவகையாக வரும் சரக்கை இப்படி ஓட்டப்பந்தயத்தில் ஏற்றினார்கள்.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. கடலோரக் காவல் படையின் அதிகாரி ஒருவர், இப்படியே போனால் பெரும் விபத்து நடக்கும் என்று முன்பே சொன்னார். கடற்படை தன் முறையை மாற்றிக்கொள்ள மறுத்தது. காவல் படை தன் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம், அனுபவம் உள்ள எங்கள் ஆட்களை அனுப்பி இந்தப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று முன்வந்தது. அதையும் வேண்டாம் என்றார்கள். கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்ச்சை ஓட்ட, வேலை தெரிந்த துறைமுகத்தில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்க மாட்டார்கள். கீழே நிற்கிறவன் தலை அந்தப் பிடியில்தான் இருக்கிறது. போர்ட் சிகாகோவில் விஞ்ச்சில் உட்கார்ந்தவர்கள் அதை அங்கேயேதான் பழகினார்கள்.

அப்படி விஞ்ச் ஓட்டியவர்களில் ஒருவர் ஜோ ஸ்மால். நியூ ஜெர்சியிலிருந்து வந்தவர், வயது இருபதுகளின் தொடக்கம். பதவி எதுவும் இல்லை. ஆனால் பிரிவில் எல்லோரும் அவர் சொல்லைக் கேட்பார்கள். இந்த இடம் ஒருநாள் வெடிக்கப் போகிறது என்று தன் அதிகாரியிடமே சொன்னார். வெடித்தால் தெரிந்துகொள்ள நீயும் இருக்க மாட்டாய், நானும் இருக்க மாட்டேன் என்று அந்த அதிகாரி பதில் சொன்னதாக ஸ்மால் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

ஜூலை 13 அன்று இ.ஏ. பிரையன் என்ற லிபர்ட்டி ரகக் கப்பல் வந்து நின்றது. இரவு பகலாக நான்கு நாள் ஏற்றினார்கள். 17-ஆம் தேதி இரவு அதன் வயிற்றில் ஏறக்குறைய 4,600 டன் வெடிமருந்து இருந்தது. துறையில் நின்ற 16 ரயில் பெட்டிகளில் இன்னும் 429 டன். மறுபக்கம் க்வினால்ட் விக்டரி என்ற புத்தம்புதிய கப்பல், தன் முதல் பயணத்துக்காக அன்று மாலைதான் வந்து கட்டியிருந்தது. அதில் ஏற்றத் தொடங்குவதற்கான ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. அதைச் செய்துகொண்டிருந்த பிரிவில் பலர் பயிற்சி முடிந்து புதிதாக வந்தவர்கள்.

முதலில் ஒரு வெடிச் சத்தம். சில நொடி கழித்து, கப்பல் முழுவதும் ஒரேயடியாக வெடித்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் நிலநடுக்கமானி அதை 3.4 அளவுள்ள நிலநடுக்கம்போலப் பதிவு செய்தது. 9,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானத்தைத் தாண்டி, பழுக்கக் காய்ந்த இரும்புத் துண்டுகள் மேலே போனதை விமானிகள் பார்த்தார்கள். பிரையன் கப்பலில் எடுத்துக் காட்டும்படி எதுவும் மிஞ்சவில்லை. க்வினால்ட் விக்டரியைத் தண்ணீரிலிருந்து தூக்கி, திருப்பி, துண்டாக்கிப் போட்டது. அதன் பின்பகுதி சுமார் 500 அடிக்கு அப்பால் தலைகீழாகக் கிடந்தது. துறை இல்லை, ரயில் பெட்டிகள் இல்லை, எஞ்சின் இல்லை. இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக தூரத்தில் இருந்த ஊரில் கூரைகள் சரிந்தன, கண்ணாடிகள் நொறுங்கின. சினிமாக் கொட்டகையில் படம் ஓடிக்கொண்டிருந்தது; சுவர் உள்வாங்கி வளைந்தது. ஊருக்குள் பலருக்குக் காயம், யாரும் இறக்கவில்லை. படைத்தளத்திலும் ஊரிலுமாகக் காயம்பட்டவர்கள் 390 பேர். படைக் குடியிருப்பில் படுத்திருந்தவர்கள் மேல் ஜன்னல் கண்ணாடி பாய்ந்ததில் கண் போனவர்கள் உண்டு.

இறந்த 320 பேரில் 51 பேரின் உடல்களைத்தான் அடையாளம் காண முடிந்தது.

மறுநாள் காலை தண்ணீரிலும் கரையிலும் கிடந்ததைப் பொறுக்கிச் சேர்க்கிற வேலை, தப்பிப் பிழைத்த கறுப்பின வீரர்களில் ஒரு பகுதியினர் தலையில் விழுந்தது. நேற்று இரவு வரை பக்கத்துக் கட்டிலில் படுத்தவனின் கையை, காலைக் கூடையில் எடுத்துப் போட்டார்கள். அதைச் செய்தவர்களின் வயதை நினைத்துப் பாருங்கள்: பதினெட்டு, பத்தொன்பது. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய் வர விடுப்புக் கேட்டார்கள். விபத்திலிருந்து தப்பிய வெள்ளை அதிகாரிகளுக்கு 30 நாள் விடுப்புக் கிடைத்தது. இவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இறந்தவர்களின் குடும்பத்துக்கு 5,000 டாலர் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை நாடாளுமன்றத்துக்குப் போனது. பெறப்போகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள் என்று தெரிந்ததும் மிஸிஸிப்பி மாநில உறுப்பினர் ஜான் ரேங்கின், 2,000 போதும் என்று வாதாடினார். கடைசியில் 3,000 என்று முடிவாயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் தோல் நிறத்தைப் பார்த்து 2,000 டாலரைக் குறைத்த கணக்கு இது. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. தணிய வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

கடற்படையின் விசாரணைக் குழு 39 நாள் உட்கார்ந்தது. 125 சாட்சிகளைக் கேட்டது. எதனால் வெடித்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பார்த்திருக்கக்கூடியவர்கள் யாரும் உயிரோடு இல்லை. அதிகாரிகள்மீது குற்றம் எதுவும் இல்லை என்று குழு சொன்னது. ஆனால் ஏற்றுகிறவர்கள் பொறுப்பற்றவர்கள், அவர்களுக்கு அந்த வேலைக்கான திறமை போதாது என்கிற தொனி விசாரணை நெடுக இருந்தது. இறந்தவர்களின் பக்கத்தைச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

இனி ஆகஸ்ட் 9.

தப்பியவர்களை வல்லேஹோ ஊரில் உள்ள மேர் ஐலண்ட் தளத்துக்கு மாற்றியிருந்தார்கள். அங்கேயும் வெடிமருந்துக் கிடங்கு. சாங்கே என்ற கப்பல் வந்து நின்றது. அன்று காலை 328 பேரை அணிவகுத்து நடக்கச் சொன்னார்கள். எங்கே போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. சாலை ஒரு இடத்தில் பிரிந்தது. வலப்பக்கம் போனால் அணிவகுப்பு மைதானம். இடப்பக்கம் போனால் சரக்குத் துறைக்குக் கொண்டுபோகும் படகு. இடப்பக்கம் திரும்பு என்று கட்டளை வந்தது. கால்கள் நின்றன. அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வேறு எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறோம், வெடிமருந்து ஏற்ற மாட்டோம், பயமாக இருக்கிறது என்றார்கள். அன்று மறுத்தவர்கள் 258 பேர்.

அவர்களைத் துறையில் கட்டியிருந்த ஒரு தட்டைப் படகில் ஏற்றி அடைத்துவைத்தார்கள். மூன்று நாள். நெரிசல், காவல், புழுக்கம். சிலர் கரண்டியைத் தீட்டிக் கத்தியாக்கத் தொடங்கினார்கள். கைகலப்பு வந்துவிடும் என்று பயந்த ஜோ ஸ்மால் எல்லோரையும் கூட்டி, காவலர் சொல்வதைக் கேளுங்கள், சண்டை வேண்டாம், நாம் ஒழுங்காக இருந்தால் அவர்களால் நம்மை ஒன்றும் செய்ய முடியாது என்று பேசினார். அமைதிக்காகப் பேசிய இந்தப் பேச்சையே பிற்பாடு நீதிமன்றத்தில் சதிக்கு ஆதாரமாகக் காட்டினார்கள்.

ஆகஸ்ட் 11 அன்று அட்மிரல் கார்ல்டன் ரைட் வந்தார். சைபன் தீவில் போரிடுகிறவர்களுக்கு இந்தக் குண்டுகள் அவசரமாகத் தேவை என்றார். போர்க்காலத்தில் கலகம் செய்தால் மரண தண்டனை, சுட்டுக் கொல்லும் அணிக்கு முன்னால் நிற்பது வெடிமருந்து ஏற்றுவதைவிடப் பல மடங்கு ஆபத்தானது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு 208 பேர் பணிந்தார்கள். பணிந்தும் பயன் இல்லை: அவர்களையும் சுருக்க விசாரணையில் குற்றவாளி ஆக்கி, மூன்று மாதச் சம்பளத்தைப் பிடித்தார்கள். மிஞ்சிய 50 பேர்மீது கலக வழக்கு.

அட்மிரல் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். போர் நடந்துகொண்டிருந்தது. குண்டு போய்ச் சேராவிட்டால் அங்கே நிற்கிறவன் சாவான் என்பது உண்மை. கட்டளையைக் கேட்பதும் கேட்காததும் அவரவர் விருப்பம் என்றால் படை என்று ஒன்று இருக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பையன்கள் போரை மறுக்கவில்லை. போருக்குப் போகத்தான் வீட்டைவிட்டு வந்தார்கள். 320 பேரைக் கொன்ற வேலையை, அதே முறையில், மறுபடி செய்யச் சொன்னபோது அவர்கள் தயங்கினார்கள். அந்த மூன்று வாரத்தில் பயிற்சி கொடுத்திருக்கலாம். வேகப் போட்டியை நிறுத்துகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மாவைப் பார்த்துவிட்டு வா என்று பத்து நாள் அனுப்பியிருக்கலாம். எதுவும் செய்யாமல் கட்டளையை மட்டும் கொடுத்தார்கள். அந்த இடத்தில் பயப்படாதவன்தான் எனக்குப் புரியாதவன்.

செப்டம்பர் 14 அன்று, சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஒரு தீவில் விசாரணை தொடங்கியது. அமெரிக்கக் கடற்படை வரலாற்றில் ஒரே வழக்கில் இத்தனை பேரைக் கலகக்காரர்கள் என்று நிறுத்தியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. மேலதிகாரியின் அதிகாரத்தைப் பறிக்கக் கூட்டாகச் சதி செய்வதுதான் கலகம். பயத்தில் ஒரு கட்டளையை மறுப்பது கீழ்ப்படியாமை மட்டுமே என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். ஐம்பது பேரில் இரண்டு பேர் சமையல்காரர்கள். ஒருவர் மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்தவர். ஒற்றைக் கையோடும் வெடிமருந்துத் துறையில் செய்வதற்கு எத்தனையோ வேலை உண்டு என்று அரசுத் தரப்பு அதற்கும் பதில் வைத்திருந்தது.

அக்டோபரில் ஒரு கறுப்பின வழக்கறிஞர் வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் தலைமை வழக்கறிஞர் தர்குட் மார்ஷல். பள்ளிக்கூடங்களில் நிறப் பிரிவினையை ஒழித்த 1954-ஆம் ஆண்டு வழக்கை வென்றவர். 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர். அன்று வாதாட அவருக்கு அனுமதி இல்லை. பன்னிரண்டு நாள் உட்கார்ந்து கேட்டார்; வெளியே வந்து பத்திரிகைகளிடம் பேசினார். இந்தக் கூண்டில் நிற்பது ஐம்பது பேர் அல்ல, கறுப்பர்களை நடத்தும் முறைக்காகக் கடற்படையே நிற்கிறது என்பது அவர் வாதம். ஏன் ஏற்றுகிறவர்கள் எல்லோரும் ஒரே நிறம்? ஏன் அவர்களுக்குப் பயிற்சி இல்லை? ஏன் டன் கணக்கில் பந்தயம்? இந்தக் கேள்விகளுக்கு நீதிமன்றத்தில் பதில் கிடைக்கவில்லை.

அக்டோபர் 24 அன்று தீர்ப்பு. ஐம்பது பேரின் கதியை முடிவு செய்ய நீதிபதிகள் எடுத்துக்கொண்ட நேரம் 80 நிமிடம், மதியச் சாப்பாடு உட்பட. ஆளுக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். அனைவரும் குற்றவாளிகள்; ஒவ்வொருவருக்கும் 15 ஆண்டு கடுங்காவல், அவமதிப்போடு பணிநீக்கம். மறுபரிசீலனையில் பலருக்கு ஆண்டுகள் குறைந்தன. அப்போது எட்டு ஆண்டுக்குக் கீழே யாருக்கும் இறங்கவில்லை.

மார்ஷலின் மேல்முறையீடு தோற்றது. ஆனால் அவருடைய அமைப்பு ஒரு சிறு வெளியீடு அச்சிட்டுப் பரப்பியது. குடியரசுத் தலைவரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அதன் பிரதியைக் கடற்படைச் செயலருக்கு அனுப்பினார். போர் முடிந்தபின் 1946 ஜனவரியில் ஐம்பது பேரில் 47 பேரை விடுவித்தார்கள். எஞ்சியவர்கள் சிறிது காலம் கழித்து வந்தார்கள். அடுத்த மாதமே கடற்படை நிறப் பிரிவினையை முழுவதுமாக நீக்கியது. ராணுவம் முழுவதற்குமான குடியரசுத் தலைவர் ட்ரூமனின் ஆணை 1948 ஜூலையில்தான் வந்தது. வெடிமருந்து கையாள்பவர்களுக்கு முறையான பயிற்சியும் தகுதிச் சான்றும் கட்டாயமாயின. அந்த ஐம்பது பேர் கேட்டிருக்கக்கூடியது எல்லாம் நடந்தது. அவர்கள்மீதான தீர்ப்பு மட்டும் நின்றது.

வெளியே வந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. வேலை கிடைக்காமல் போய்விடும், சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்ற பயம். அதைவிட, கலகக்காரன் என்ற சொல் தந்த அவமானம். கட்டிய மனைவியிடமும் பெற்ற பிள்ளைகளிடமும் சொல்லாமல் மறைத்தவர்கள் பலர். அப்படியே மறைந்திருக்க வேண்டிய கதை இது. 1970-களில் ராபர்ட் ஆலன் என்ற இளம் கறுப்பின ஆய்வாளரின் கண்ணில் அந்தப் பழைய வெளியீடு தற்செயலாகப் பட்டது. அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், உயிரோடு இருந்தவர்களைத் தேடிப் பிடித்து, எதிரில் உட்கார்ந்து கேட்டு ஒலிநாடாவில் பதிந்தார். 1989-இல் அவருடைய நூல் வந்தது. ஜோ ஸ்மாலின் அதிகாரி சொன்ன பதில், தட்டைப் படகில் நடந்த கூட்டம், சாலை பிரிந்த இடத்தில் நின்ற கால்கள்: இவற்றில் பெரும்பகுதி நமக்குத் தெரிவது அவர் கேட்டதால்தான். நீதிமன்றப் பதிவேட்டில் அரசுத் தரப்பு காட்டிய ஐம்பது பேர் இருக்கிறார்கள். மனிதர்களாக இருப்பது ஆலனின் ஒலிநாடாவில்.

அதற்குப் பிறகு கதை மெதுவாக அசைந்தது. 1994-இல் கடற்படை வழக்கை மறுபடி பார்த்தது. வேலையைப் பிரித்துக் கொடுத்ததில் நிற வேற்றுமை இருந்தது உண்மை, ஆனாலும் தீர்ப்பு செல்லும் என்று சொல்லிவிட்டது. 1999 டிசம்பரில், ஐம்பது பேரில் ஒருவரான ஃப்ரெடி மீக்ஸுக்குக் குடியரசுத் தலைவர் கிளின்டன் மன்னிப்பு வழங்கினார். மீக்ஸுக்கு அப்போது எண்பது வயது. நடந்ததை உலகம் தெரிந்துகொள்ளட்டும் என்று அவர் அதைக் கேட்டு வாங்கினார். அவருடைய முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் தோழர்களில் சிலர் கேட்கவே மறுத்துவிட்டார்கள். ஜோ ஸ்மால் தாம் இறப்பதற்கு முன்பே இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: மன்னிக்கிறோம் என்றால் நீ தப்பு செய்தாய் என்று பொருள், எங்களுக்கு வேண்டியது தீர்ப்பை ரத்துசெய்வதும் பறித்த சம்பளத்தைத் திருப்பித் தருவதும்தான் என்று. வாழ்க்கை முழுவதும் தண்டனைக் குறியைச் சுமந்த ஒருவர், அதை இறக்கிவைக்க எளிதான வழி இருந்தும் அந்த வழி வேண்டாம் என்று நின்றார். ஆகஸ்ட் 9 அன்று சாலையில் நின்ற அதே மனிதர்தான்.

2024 ஜூலை 17 அன்று, எண்பது ஆண்டு நிறைந்த நாளில், கடற்படைச் செயலர் கார்லோஸ் டெல் டோரோ 256 பேர்மீதான தீர்ப்புகளை ரத்து செய்தார். 258 பேரில் எஞ்சிய இருவர் முன்பே விடுவிக்கப்பட்டிருந்தார்கள். இது மன்னிப்பு அல்ல. அந்த விசாரணையே பிழை என்ற ஒப்புதல். கேட்பதற்கு அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. ராபர்ட் ஆலனும் அந்த அறிவிப்புக்குச் சில நாட்களுக்கு முன் காலமானார். ஆனால் பிள்ளைகள் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பணிநீக்கக் குறிப்புகளைத் திருத்தவும், வர வேண்டிய சலுகைகள் இருந்தால் பெறவும் குடும்பங்களுக்கு வழி திறந்திருக்கிறது. மறைத்து வாழ்ந்த தாத்தாவின் பெயரை இப்போது அவர்கள் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த ஊர் இப்போது இல்லை. வெடிப்புக்குப் பிறகும் துறை இயங்கியது. கொரியப் போருக்கும் வியட்நாம் போருக்கும் அங்கிருந்து சரக்குப் போனது. இன்னொரு முறை வெடித்தால் ஊர் தாங்காது என்று 1968-இல் கடற்படை ஊர் முழுவதையும் விலைக்கு வாங்கி, வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கியது. மக்கள் எதிர்த்தார்கள், பலிக்கவில்லை. 1944-இல் சுவர் விரிந்த வீட்டைச் செப்பனிட்டு அதிலேயே இருந்தவர்கள், கால் நூற்றாண்டு கழித்து அதே துறைக்காக வீட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. துறை இருந்த இடத்தில், 320 பேரின் பெயர்களும் பொறித்த நினைவிடம் இருக்கிறது. அது இன்றும் ராணுவம் பயன்படுத்தும் எல்லைக்குள் இருப்பதால், முன்கூட்டியே பதிவு செய்துதான் போய்ப் பார்க்க முடியும். அந்தப் பக்கம் வசிக்கும் நம் வாசகர்கள் ஒருமுறை பதிவு செய்து போய் வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் நாட்டிலும் இப்படி ஒரு வெடிப்பு நடந்திருக்கிறது. அதே 1944-இல், போர்ட் சிகாகோவுக்கு மூன்று மாதம் முன்பு, ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிக்கீன் கப்பல் வெடித்தது. பருத்திப் பொதிகளும் ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருளும் ஒரே கப்பலில் இருந்தன. பருத்தி பற்றிக்கொண்டது, பிறகு இரண்டு பெருவெடிப்பு. நூற்றுக்கணக்கில் உயிர்கள் போயின. தீயை அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் திரும்பவில்லை. நாடு முழுவதும் ஏப்ரல் 14 அன்று தீத்தொண்டு நாள் கடைப்பிடிப்பது அவர்கள் நினைவாகத்தான். ஆனால் துறையில் மூட்டை தூக்கிய தொழிலாளர்களைப் பற்றி, அவர்கள் எந்தெந்த ஊரிலிருந்து போனவர்கள், குடும்பங்கள் அதற்குப் பிறகு என்ன ஆயின என்பதைப் பற்றி நாம் எழுதிவைத்தது மிகக் குறைவு. அந்த நாளில் பம்பாயில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருந்தன. தாராவியிலும் மாட்டுங்காவிலும் குடியிருந்தவர்கள் உண்டு.

உங்கள் வீட்டிலோ உறவிலோ அப்போது அங்கே சிறுவயதில் இருந்த பெரியவர் யாராவது இருந்தால், இந்த மாதமே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர்களுக்கு இப்போது எண்பத்தைந்து, தொண்ணூறு வயது இருக்கும். சத்தம் எப்படிக் கேட்டது, அப்பா வேலைக்குப் போயிருந்தாரா, எத்தனை நாள் கழித்து வந்தார், யார் வரவில்லை. நினைவிருக்கிற அளவு போதும், தேதி பிசகினாலும் பரவாயில்லை. அவர்கள் சொல்கிறபடியே, அவர்கள் பேச்சிலேயே எழுதி, அவர்கள் சம்மதித்தால் பெயரோடும் ஊரோடும் எங்களுக்கு அனுப்புங்கள். பெற்றோர் சொல்லிக் கேட்டது என்றால் அதையும் குறிப்பிட்டு அனுப்புங்கள். வருகிற கடிதங்களைத் தொகுத்து, ஏப்ரல் இதழில் பக்கம் ஒதுக்கி வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்